பூபதி செய்த இரண்டாம் பாகம்

'ஏழு மலைப் பயணம்' வீடியோ கேமின் இரண்டாம் பாகம் வெளியானதும் ஊரே பூபதியைக் கழுவி ஊற்றியது. முதல் பாகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே ஜனங்கள்தான். "இதுக்கா இத்தனை வருஷம் காத்துக் கிடந்தோம்?" என்று ஒருத்தன் எழுதினான். "அக்கா பேரையே கெடுத்துட்டான் பாவி" என்று எழுதினான் இன்னொருத்தன்.

அக்கா என்றால் மரகதவல்லி. அந்த வீடியோ கேமின் முதல் பாகத்தை உருவாக்கியவள். பூபதியைவிட நாலைந்து வயசுதான் கூட, ஆனால் அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். உடம்புக்கு முடியாமல் கம்பெனியை விட்டுப் போனபோது, "அடுத்ததை இவன் செய்யட்டும்" என்று கைகாட்டிவிட்டுப் போனவளும் அவள்தான்.

இப்போது முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் மூன்றாம் பாகம் பூபதிக்கு. இல்லையென்றால் வேறு ஆள்.

அதனால்தான் காலங்காத்தாலே திருப்பூருக்குப் பஸ் ஏறி வந்து, அவள் வீட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

பூபதிக்குத் திக்குவாய். சொந்தப் பேரைச் சொல்லவே உதட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவன் வாயைத் திறந்ததும் "சரி சரி, உட்காரு" என்பார்கள். வேலை கேட்டுப் போன இடங்களில் பாதியிலேயே தலையாட்டி அனுப்பினார்கள். மரகதவல்லி மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள். அன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்குமே அவன் வார்த்தையை அவள் பிடுங்கியதில்லை. அதற்காகவே அவளுக்காக உயிரையும் கொடுப்பான் அவன்.

"போடு, ஆடிப் பார்க்கலாம்" என்று இப்போது டிவியைக் காட்டினாள் மரகதவல்லி.

முறை வைத்து ஆடுகிற ஆட்டம் அது. நாம் ஒரு அடி, எதிரி ஒரு அடி. திரையில் அரக்கன் வந்து நின்றான். மரகதவல்லி பட்டன்மேல் விரலை வைத்து யோசித்தாள். முதல் பாகமாக இருந்தால் அரக்கன் ஓங்கின கதாயுதத்தோடு அப்படியே நிற்பான். சோறு வடித்துவிட்டு வரலாம், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வரலாம், எங்கேயும் போக மாட்டான்.

இதில் மூலையில் ஒரு சிவப்புக் கோடு சுருங்கியது. அவள் யோசித்து முடிப்பதற்குள் ஆட்டம் தானாகவே அவளுக்குப் பதிலாக ஓர் அடி அடித்தது. அரக்கன் திருப்பிப் போட்டான் ஒன்று, ஆட்டத்தில் அவள் செத்தாள்.

"என்னப்பா இது? நான் இன்னும் ஒண்ணுமே அழுத்தலையே."

"ஆ... ஆறு விநாடிக்கா. அதுக்குள்ள அழுத்தலைன்னா அ... அதுவே ஆடிக்கும்."

"ஏன்?"

"சும்மா நின்னா போ... போரடிக்கும்னு."

"யார் சொன்னா?"

"யாரும் சொ... சொல்லலை. சொல்லிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு."

அவள் மறுபடி ஆடினாள். மறுபடி செத்தாள். கையில் இருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

பூபதி தொண்டையைச் செருமிக்கொண்டான். பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த கேள்வி.

"அக்கா, ஜனங்களுக்கு இதுல எ... என்ன பி... பி..."

"பிடிக்கலைன்னு கேக்கறே. அப்புறம்?"

அவனுக்குச் சுருக்கென்றது. அக்காவா இப்படி?

"என்னைத் தி... தி..."

"திரும்பச் சேர்த்துக்கணும், மூணாவது பாகத்துக்கு. அப்புறம்?"

அவன் சொல்ல வந்தது அது இல்லவே இல்லை. திட்டுங்கக்கா, வாயாரத் திட்டுங்க என்றுதான் சொல்ல வந்தான்.

"அ... அதில்லக்கா, நான்..."

"வேற என்னவோ சொல்ல வந்தே. பரவாயில்லை, இதுவே போதும்."

அவன் முகம் கன்றிப்போனது. ஊரே செய்யட்டும், இவள் செய்யலாமா? ஆத்திரமும் அவமானமுமாகக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எ... என்னைப் பேச விடுங்கக்கா! நான் இ... இன்னும் மு... மு..."

மரகதவல்லி எழுந்து டிவியை அணைத்தாள்.

"ஆறு விநாடி ஆயிடுச்சு. உன் முறை போயிடுச்சு, பூபதி."