எல்லா எழுத்தும் உள்ள கல்யாணப் பத்திரிகை

தென்காசிப் பக்கம் ஆவுடைப்பேரியில் கோமதிநாயகம், சுடலைமணி, இசக்கியப்பன் என்று மூன்று பேர் கூட்டாக ஓர் அச்சகம் வைத்திருந்தார்கள். மூவரில் கோமதிநாயகம்தான் அறிவாளி என்று மற்ற இருவரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி அவரிடம் மட்டும்தான் இருந்தது.

அச்சகத்தில் ஒரு பழைய கணினி. ஒருமுறை அதில் வைரஸ் புகுந்து எல்லாம் அழிந்துபோனபோது, ரிப்பேர் செய்தவர் லினக்ஸ் என்று வேறொரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "இனிமே இதுக்கிட்ட வைரஸ் அண்டாது" என்று சொல்லிப் போனார். அன்று முதல் மூவரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மாத்திரை வாங்குவதில்லை. கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஊர் பிச்சையாவின் மகள் உலகேஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கந்தவேல், சுரண்டைக்காரர். உலகேஸ்வரி பெங்களூரில் கணினி வேலை பார்க்கிற பெண். பத்திரிகை வாசகத்தைத் தானே தட்டச்சு செய்து அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டாள். பிழை இல்லாமல் வரவேண்டும் என்பது அவள் ஆசை.

கோமதிநாயகம் அதைத் திறந்தார். திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். வைரஸ் அழித்ததில் தமிழ் எழுத்துருவும் போயிருந்தது. கணினியில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் ஒவ்வோர் எழுத்துக்கும் பதில் ஒரு காலிக் கட்டம்தான் தெரியும். இது இவர்களுக்குத் தெரியாது. தேதி மட்டும் எண்ணாக இருந்ததால் தப்பித்துத் தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி, கட்டம் கட்டமா இருக்கு?" என்றார் சுடலைமணி.

கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "கட்டம்னா என்ன வே? ஜாதகம். பத்திரிகைக்குப் பதிலா மாப்பிள்ளை ஜாதகத்தை அனுப்பிட்டுது அந்தப் பிள்ளை."

"இத்தனை கட்டமா?"

"பெரிய இடத்து மாப்பிள்ளை. கட்டம் கூடத்தான் இருக்கும்."

ஜாதகம் கைக்கு வந்தபின் பார்க்காமல் இருப்பது முறையில்லை என்று மூவரும் முடிவு செய்தார்கள். அதை அச்செடுத்துக்கொண்டு ஜோசியர் குத்தாலிங்கத்திடம் போனார்கள். குத்தாலிங்கம் வெகுநேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் கட்டத்திலும் ஒரு கிரகம்கூட இல்லை. சனி இல்லை, செவ்வாய் இல்லை, ராகு கேது இல்லை. இவ்வளவு சுத்தமான ஜாதகத்தைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றார். அப்புறம் தேதியைப் பார்த்தார். அது அடுத்த மாதத் தேதி. அவர் முகம் மாறியது.

"பிறந்த தேதி இனிமேதான் வருது. அதான் கிரகம் ஒண்ணும் வந்து உக்காரலை. மாப்பிள்ளை இன்னும் பொறக்கலை" என்றார்.

இவ்வளவு பெரிய விஷயத்தைப் பெண் வீட்டாரிடம் மறைப்பது பாவம். மூவரும் நேரே பிச்சையா வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொன்னார்கள். நிச்சயதார்த்தத்தன்று தன் எதிரில் உட்கார்ந்து இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டது யார் என்ற கேள்வி பிச்சையாவுக்கு எழுந்தாலும், ஜோசியர் சொல்லைத் தட்டவும் மனசு வரவில்லை. சம்பந்தியிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சுரண்டைக்குப் போன் போட்டார்.

சம்பந்தி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, தன் மகன் பெயர் தெளிவாகப் போட்ட பத்திரிகை இந்த வெள்ளிக்கிழமைக்குள் தன் கைக்கு வராவிட்டால் கல்யாணத்தை மறந்துவிடலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பிச்சையா அழாத குறையாக மகளிடம் சொன்னார். உலகேஸ்வரி நடந்ததைக் கேட்டதும் அச்சகத்துக்குப் போன் செய்தாள். கோபப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் செய்தாள்.

"மாமா, அது ஜாதகம் இல்ல. ஃபான்ட் இல்லாததால எழுத்து கட்டமா தெரியுது. நான் சொல்றத அப்படியே செய்யுங்க. சரி பண்ணிரலாம்."

"நீ சொல்லும்மா. ஒரு எழுத்து மாறாம செய்யுதோம்" என்றார் கோமதிநாயகம். அதுதான் கஷ்டமே.

முதலில் ஹோமுக்குப் போகச் சொன்னாள். கணினியில் நம் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு அப்படிப் பெயர். அங்கே சில ஃபோல்டர்கள் மறைந்திருக்கும், மறைந்திருப்பதை எல்லாம் வெளியே தெரிகிற மாதிரி செய்யுங்கள் என்றும் சொன்னாள். மூவரும் கடையைச் சாத்திவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

சுடலைமணி வீட்டுப் பரணைக் குடைந்ததில், பல்வலி என்று முறுக்கையே தொடாமலிருந்த அவர் மாமியாரின் முறுக்கு டின் வெளியே வந்தது. கோமதிநாயகம் அரிசிப் பானைக்குள் தானே ஒளித்து வைத்திருந்த பிராந்திப் பாட்டிலை எடுத்து, சொன்னபடி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் மனைவி அன்றே பொட்டல்புதூருக்கு, அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இசக்கியப்பன் வீட்டில் எதுவும் மறைந்திருக்கவில்லை. அவருக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. மனைவியின் சேலையை எடுத்து அண்டாவுக்குள் ஒளித்து, பிறகு கண்டுபிடித்தார்.

மறுநாள் உலகேஸ்வரி கேட்டபோது, "எல்லாம் வெளிய வந்துட்டுதும்மா. ஆனா வீட்ல பேச்சு வார்த்தை இல்ல" என்றார் கோமதிநாயகம். அவளுக்குப் புரியவில்லை. சரி, பழசு ஏதாவது தங்கியிருக்கும், கேஷை க்ளியர் பண்ணுங்கள் என்றாள். கணினி தன் ஞாபகத்துக்காகச் சேர்த்து வைத்திருக்கிற குப்பையைத்தான் அவள் சொன்னாள்.

மூவரும் கல்லாப்பெட்டியைப் பார்த்தார்கள்.

"இதுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி?" என்றார் சுடலைமணி.

"பெட்டி கனமா இருக்கு. மேசை அமுங்குது. மேசை அமுங்கினா எழுத்து நசுங்கிக் கட்டமா ஆகாதா?"

இதில் நியாயம் இருப்பதாக இருவருக்கும் பட்டது. தெரு முழுக்கக் கூப்பிட்டு எதிர்க்கடையில் போண்டாவும் டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். பெட்டி காலியானதும் திரையைப் பார்த்தார்கள். கட்டங்கள் அப்படியே இருந்தன. ஆனால் முன்னைக்கு இப்போது கொஞ்சம் உயரமாக இருக்கிற மாதிரி தெரிகிறது என்றார் இசக்கியப்பன்.

எல்லாவற்றையும் மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள் என்று அவள் அடுத்துச் சொன்னாள். அச்சகத்தை மூடி, ரிப்பன் கட்டி, தேங்காய் உடைத்து, மறுபடி திறப்பு விழா நடத்தினார்கள். முதல் திறப்பு விழாவுக்கு வந்திருந்த அதே பஞ்சாயத்துத் தலைவரைக் கூட்டி வந்தார்கள். அவரும் அன்றைக்குப் பேசியதையே பேசிவிட்டுப் போனார்.

இப்படியே வியாழக்கிழமை வந்துவிட்டது. பிச்சையா சாப்பாட்டில் கை வைக்கவில்லை. உலகேஸ்வரிக்கும் பயம் வந்தது. கந்தவேல் நல்ல பையன், அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. எழுத்துருவையே மின்னஞ்சலில் அனுப்பி, அதன்மேல் இரண்டு தடவை க்ளிக் செய்யுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள், வேறு எதையும் யோசிக்கவும் வேண்டாம் என்று கெஞ்சினாள். இந்த முறை அவர்கள் மிகச் சரியாகச் செய்தார்கள். எழுத்துரு எப்படி இருக்கும் என்று காட்டும் ஒரு சன்னல் திரையில் திறந்தது. அ, ஆ, இ, ஈ என்று பளிச்சென்று வரிசையாக எழுத்துகள்.

"எழுத்து தெரியுதா மாமா?" என்று போனில் கேட்டாள்.

"தெரியுதும்மா. முத்து முத்தா தெரியுது."

"கட்டம் எதுவும் இல்லையே?"

"மருந்துக்குக்கூட இல்ல."

"அப்ப பிரிண்ட் போட்டிருங்க மாமா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு மூச்சு அழுதாள். பிறகு மீட்டிங்குக்குப் போய்விட்டாள்.

அச்சு ஓடத் தொடங்கியபின் சுடலைமணிக்கு ஒரு சந்தேகம். தாளை எடுத்து மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுல மாப்பிள்ளை பேரே இல்லையே. வெறும் ஆனா ஆவன்னாதான் இருக்கு."

கோமதிநாயகம் சிரித்தார். "தமிழ்ல உள்ள எழுத்து எல்லாம் இதுல இருக்கா?"

"இருக்கு."

"அப்ப மாப்பிள்ளை பேரும் இதுக்குள்ளதான இருக்கு. பொண்ணு பேரு, தகப்பனார் பேரு, மண்டபம், எல்லாமே இருக்கு. படிச்ச பிள்ளைல்லா, சுருக்கமா அனுப்பியிருக்கு. எம் பேரு விட்டுப்போச்சுன்னு நாளைக்கு எந்தச் சொந்தக்காரனாவது சண்டைக்கு வரமுடியுமா?"

கல்யாண மண்டபத்துக்காரர் தன் செலவில் மண்டபத்தின் பெயரும் தேதியும் நேரமும் அச்சடித்து உறைகள் கொடுத்திருந்தார். அவற்றுக்குள் பத்திரிகையைப் போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கெட்டியாக ஒட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மகளே கேட்டுச் சரி சொல்லிவிட்ட பத்திரிகையைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் பிச்சையாவுக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக ஒன்றைச் சுரண்டைக்கு ஆள் வைத்து அனுப்பிவிட்டு, ஊரெல்லாம் கொடுக்கப் புறப்பட்டார்.

சம்பந்தி பத்திரிகையைப் பிரித்தார். மகன் பெயரைத் தேடினார். க இருந்தது. ந இருந்தது. த, வ, ல எல்லாம் இருந்தன. குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்.

மற்றவர்கள் யாரும் அவ்வளவு ஆழமாகப் படிக்கவில்லை. அ, ஆ போட்டு மண்டபத்துக்கு வரச் சொன்னால் புதுப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். முகூர்த்த நாளன்று ஊரே குழந்தைகளைக் குளிப்பாட்டி, சீருடை போட்டு, சிலேட்டும் பையுமாக மண்டபத்துக்குக் கூட்டி வந்தது. மணமேடைக்கு முன்னால் குழந்தைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தன. மாலையும் கழுத்துமாக வந்த உலகேஸ்வரியைப் பார்த்ததும் எல்லாம் எழுந்து நின்று காலை வணக்கம் சொல்லின. அவளும் என்ன செய்வது என்று தெரியாமல், உட்காருங்கள் என்றாள்.

அச்சகத்தாருக்கும் பிச்சையா மறக்காமல் பத்திரிகை வைத்திருந்தார். மூவரும் அதைப் பிரித்துக் கவனமாகப் படித்தார்கள். கோமதிநாயகம், சுடலைமணி, இசக்கியப்பன் மூவரும் அரைக்கால் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு தூக்குச்சட்டியில் தயிர்சாதத்தோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஐயர் கெட்டிமேளம் என்று கை காட்டினார். தவிலும் நாதசுரமும் முழங்கின.

"மணி அடிச்சாச்சு" என்றார் கோமதிநாயகம்.

மூவரும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்கள். ஹோவென்று கத்திக்கொண்டு அத்தனை குழந்தைகளும் பின்னால் ஓடின. குழந்தைகளைப் பிடிக்கப் பெற்றவர்கள் ஓடினார்கள். கந்தவேல் தாலி கட்டி நிமிர்ந்தபோது அட்சதை போட மண்டபத்தில் ஆளில்லை. ஐயர் இரண்டு கையாலும் அள்ளி, அத்தனை பேருக்குமாகச் சேர்த்துத் தானே போட்டார்.