தீக்குச்சித் தளவாய்

இந்த வருஷம் பூவாணிக் கோட்டையைக் காக்க ஆள் இல்லை.

கோட்டை என்றால் பெரிதாக ஒன்றும் கிடையாது. இடிந்த மண்சுவர், ஒரு வாசல். மாசி மாதம் ஊர்க்காரர்கள் சிலர் அங்கே கூடி, அந்தக் காலத்துச் சண்டையைத் திரும்ப நடத்துவார்கள். பாதிப் பேர் வெள்ளைக்காரக் கும்பினிப் படை. பாதிப் பேர் கோட்டையைக் காக்கும் பாளையக்காரர் படை. கூலி கிடையாது. ஆசைதான்.

கோட்டைப் படைத்தலைவனான தளவாய் வேஷம் முத்தரசுக்கு. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஐம்பது தாண்டியவர். எல்லாம் அன்று இருந்தபடியே இருக்க வேண்டும் அவருக்கு. செருப்பில் இயந்திரத் தையல் கூடாது. ஈட்டியில் வார்னிஷ் கூடாது. சண்டை தொடங்குமுன் தளவாய் உள்ளேயிருந்து "வாசலில் யார்?" என்று கேட்பார். காவல்காரன், அந்தக் காலத்துக் காவல்காரன் பெயரை, "வீரணன்" என்று சொல்ல வேண்டும். ஒரு வருஷம் வாசலில் நின்ற ஞானமுத்து இருமிவிட்டுச் சொன்னார். முத்தரசு எல்லாவற்றையும் முதலிலிருந்து நடத்தினார்.

போன வருஷம் தீக்குச்சி வந்தது. ஒவ்வொருவர் உடுப்பிலும் ஒரு நூலை உருவிக் கொளுத்துவார். பருத்தி சாம்பலாகும். நைலான் உருகிக் கரு மணியாக உருளும்.

ஞானமுத்துவின் தலைப்பாகை நூல் உருண்டது.

இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். துணி பருத்திதான், ஓரம் தைத்தது மகள், நூலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்றார் ஞானமுத்து. முத்தரசு கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் தலைப்பாகையை அவிழ்க்கச் சொன்னார். ஞானமுத்து அவிழ்த்தார், மடித்தார், கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என் கடவாய்ப்பல்லும் கட்டினதுதான் வே. புடுங்கிக் கொளுத்திப் பாத்துக்கிடும்."

சொல்லிவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை.

அதன்பின் கடைக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். கண்ணாடி வாங்க இல்லை. அவன் ஈட்டி குழாய்க்கம்பி, இவன் கச்சைக்குள் ஜிப் இருக்கிறது என்று காதில் போட்டுவிட்டுப் போனார்கள். சொன்னவர்கள் மேலும் முத்தரசுக்குச் சந்தேகம். பயிற்சியின்போது பைகளைத் துழாவினார். கோட்டைப் படை கரைந்தது.

இந்த வருஷச் சண்டை ஞாயிற்றுக்கிழமை. வியாழனன்று முத்தரசு ஆசானிடம் போனார். அவர்கள் எல்லோருக்கும் சிலம்பமும் ஈட்டியும் சொல்லித் தந்தவர். போலி எவன் என்று தப்பாமல் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும் என்றார். பேசும்போதே கண் ஆசானின் வேட்டிக் கரையில் இருந்தது.

"என்னலே பாக்கே?"

"ஒண்ணும் இல்ல ஆசானே."

ஆசான் தீப்பெட்டியைக் கேட்டு வாங்கினார். தன் வேட்டியிலேயே ஒரு நூலை உருவிக் கொளுத்தினார். கரு மணி உருண்டது.

முத்தரசின் முகம் செத்துப்போனது.

"இனி நான் சொன்னா நம்புவியா?"

முத்தரசு குனிந்து அந்தக் கரு மணியைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி. கோட்டை எப்படி விழுந்துச்சு?"

"பீரங்கி அடிச்சு."

ஆசான் தன் ஆசான் வாயால் கேட்ட கதை வேறு. வெடிமருந்து நனைந்துவிட்டது. உள்ளே துரோகி இருக்கிறான் என்று தளவாய் எல்லோர் மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்தான். ஒருவனை ஒருவன் காட்டிக்கொடுத்தான். கடைசியில் வீரணன் மேலேயே சந்தேகம் வந்து துரத்திவிட்டார்கள். கும்பினிக்காரன் வந்தபோது வாசலில் ஆள் இல்லை. தள்ளினான், திறந்தது. குண்டே போடவில்லை.

"இதுக்கு ஆதாரம் உண்டா ஆசானே?"

"உன் பீரங்கிக்கு உண்டா?"



"மருந்தை நனைச்சவன் ஆம்புட்டானா?"

"கூரை ஒழுகியிருக்கு."

ஆசான் எழுந்தார். தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

"இத்தனை வருஷமும் தப்பா நடத்தினே. இந்த வருஷந்தான் அப்படியே வந்திருக்கு. போ."

முத்தரசு நேரே ஞானமுத்து வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த மகள், அப்பா இல்லை என்றாள். உள்ளே இருமல் கேட்டது. முத்தரசு படியில் நின்றபடியே, தப்பு தன்னுடையது என்றார். எதைக் கட்டிக்கொண்டு வந்தாலும் சரி, வந்தால் போதும் என்றார். தீப்பெட்டியை அவளிடம் கொடுத்து அடுப்புக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மற்றவர்கள் வீட்டுக்கும் போனார். எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். ஞானமுத்து வருகிறாரா?

ஞாயிறன்று அவர்கள் வந்தார்கள். ஆனால் கோட்டைக்குள் நுழையாமல் புளியமரத்தடியில் நின்றார்கள். கும்பினிப் பக்கம் முரசு அடித்தாயிற்று. உள்ளே முத்தரசு ஒற்றை ஆள். சுவர் மறைப்பதால் அவர் நின்ற இடத்திலிருந்து வாசல் தெரியாது.

"வாசலில் யார்?"

சத்தம் இல்லை.

மறுபடி கேட்டார்.

ஓர் இருமல் கேட்டது. மரத்தடியில் நின்றவர்கள் ஈட்டிகளை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். வீரணன் என்று வர வேண்டிய இடத்தில் பதில் வந்தது.

"ஞானமுத்து."