கண் திறக்காத முப்பது பொம்மைகள்

ஆற்றங்கரைத் தெருவின் கோடி வீட்டில் மண்பொம்மை செய்து விற்கும் அங்காயி ஒண்டிக்கட்டையாக இருந்தாள். பத்து நாளாய் அவள் வாசலில் மனிதக் குரல் கேட்கவில்லை. பதினோராம் நாள் கேட்டது. அதுவும் வரி வசூலிக்கும் மணியக்காரர் விருத்தகிரியின் குரல்.

"வித்தாலும் விக்காட்டாலும், செஞ்சு முடிச்ச பொம்மை ஒண்ணுக்கு ஒரு பணம் வரி. முப்பது இருக்கு. எடு முப்பது பணம்!"

"ஒண்ணுகூட முடியலீங்களே சாமி. மூஞ்சியைப் பாருங்க."

பார்த்தார். சேலை இருந்தது, மூக்குத்தி இருந்தது. ஒன்றுக்கும் கண் இல்லை.

"என்னையே ஏமாத்தறியா? இப்பவே என் முன்னால கண்ணை வரை!"

"வரையறேங்க." அங்காயி ஒரு பொம்மையை அவர் பக்கம் திருப்பி வைத்து, தூரிகையை மையில் தோய்த்தாள். "ஆனா எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. திறந்த கண்ணு முதல்ல யாரைப் பாக்குதோ, அவங்கதான் அதை வாங்கணும். ஒண்ணு அஞ்சு பணம். அசையாம நில்லுங்க, முப்பதையும் திறந்துடறேன்."

மணியக்காரர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தெருமுனை தாண்டினார்.

அங்காயி விழுந்து விழுந்து சிரித்தாள். கூடச் சிரிக்க ஆளில்லை. முப்பது முகத்தில் ஒன்றுகூட அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் சாவடிக்குப் போய் மணியக்காரர் முன்னால் ஒரு பணத்தை வைத்தாள்.

"ஒரு பொம்மைக்குக் கண்ணு திறந்துட்டேங்க."

"அட! யார் வாங்கினது?"

"நான்தாங்க. அப்ப வீட்டுல வேற யாரும் இல்லீங்க."