இருமலும் சேர்த்து ஒரு குரல்

இசக்கியப்பன் தொண்டையில் ஒரு ஊரே குடியிருந்தது. ரயில் நிலைய அறிவிப்பு, கேன்டீன் மாஸ்டரின் எரிச்சல், துறைத் தலைவரின் கொட்டாவி, எல்லாம் அங்கே உண்டு. செண்பகவடிவு மேடத்தின் உயிரியல் ஆய்வகத்தில் ஆய்வு மாணவன் அவன். மேடம் குரலைத்தான் ரொம்பச் சுத்தமாகச் செய்வான், பேசுமுன் அவர் இருமும் சின்ன இருமலோடு.

செல் வளர்க்கும் அறைக்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது. உள்ளே போய்க் கையுறை போட்டவர் வேலை முடியாமல் வெளியே வரக்கூடாது. பேச வேண்டுமென்றால் சுவரில் ஒரு ஸ்பீக்கர். அது மூன்று அறைக்கும் கேட்கும்.

அன்று மத்தியானம் ஸ்பீக்கர் இருமியது.

"ஜெபா, உன் தட்டுல பூஞ்சை பிடிச்சிருக்கு. பிளீச்சை ஊத்திரு பிள்ள."

அடுத்த அறையில் இருவர் சிரித்தார்கள். உள்ளே இருந்த சக மாணவி ஜெபக்கனி ஊற்றிவிட்டாள்.

"ஏ, நான்தான்!" என்று இசக்கி சொந்தக் குரலில் கத்தியபோது, முப்பத்திரண்டு நாள் வளர்த்த தட்டுகளில் ஊட்டநீரின் ரோஸ் நிறம் வெளுத்துப் போயிருந்தது.

மேடத்தின் முன்னால் போய் நின்றான்.

"எல்லாருந்தான் கேட்டாங்க மேடம். அவ மட்டும் ஏன் ஊத்துனா?"

மேடம் நிமிரவில்லை. "காலையில ஹார்மோன் விட்டியே, எத்தனை தட்டுல?"

"ஆறுலயும்."

"எது மாறுச்சு?"

"ரெண்டு மட்டும். அதுலதான் ஹார்மோனைப் பிடிச்சுக்கிற ஏற்பி இருக்கு."

"ஹார்மோன் வாசல்ல நின்னு கூப்பிட்டுச்சா?"

"இல்ல மேடம். இது சவ்வைத் தாண்டி நேரா உள்ள போயிரும். அங்க ஏற்பி காத்துக்கிட்டு இருக்கும். ரெண்டும் சேர்ந்து உட்கருவுக்குள்ள போயி, மரபணுவுல உக்காந்து வேலையை ஆரம்பிச்சிரும்."

"நல்லாப் படிச்சிருக்க. ஜெபாவுக்குள்ள என்ன காத்துக்கிட்டு இருந்துச்சு?"

இசக்கிக்குத் தெரியும். இரண்டு தடவை பூஞ்சை வந்து அவள் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். மூன்றாவது முறையும் வந்தால் இந்த வருஷம் ஆய்வை முடிக்க முடியாது. தினம் காலையில் இன்குபேட்டரைத் திறக்கும்போது அவள் கை நடுங்கும். அந்த நடுக்கத்தையும் அவன் கேன்டீனில் நடித்துக் காட்டியிருக்கிறான். நல்ல கைதட்டல்.

"பயம், மேடம்."

காது மடல் எரிந்தது. தரையைப் பார்த்தான்.

"நைட்ரஜன் தொட்டியில ஒரு குப்பி உறைய வெச்சிருக்கேன்" என்றார் மேடம். "அவளோட செல்தான். அவளுக்குத் தெரியாது."

இசக்கிக்கு மூச்சு திரும்பியது. "சொல்லுங்க மேடம், இப்பவே சொல்லுங்க!"

மேடம் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார். இருமினார்.

"ஜெபா, அழாத பிள்ள. உன் செல்லு ஒரு குப்பி பத்திரமா இருக்கு. மறுபடி வளர்த்துக்கலாம்."

ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு மூக்கை உறிஞ்சும் ஒலி.

"இசக்கி, போதும்டா. கெஞ்சிக் கேக்குறேன், போதும்."

மேடம் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். அவனைப் பார்த்தார். திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

"நான் போய்ச் சொல்றேன் மேடம். நிஜமாவே நீங்கதான்னு."

"எந்தக் குரல்ல?"

வாயைத் திறந்தான். ஊரே குடியிருந்த தொண்டையிலிருந்து ஒருத்தரும் வரவில்லை.

"ஹார்மோன் மாதிரியே இருக்கிற போலி மருந்து ஏற்பியில உக்காந்துக்கிட்டா, பின்னால வர்ற நிஜ ஹார்மோனுக்கு என்ன ஆகும்?"

"இடம் இருக்காது. வந்தது வந்தபடி திரும்பிப் போகும்."

"போலி எந்திரிச்சுட்டா?"

"சிலது எந்திரிக்காது மேடம். செல்லு அந்த ஏற்பியையே அழிச்சிட்டு, புதுசா ஒண்ணு செஞ்சாத்தான் உண்டு."

மேடம் எழுந்து தடித்த கையுறைகளை மாட்டினார். தொட்டியின் மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை வழிந்தது. விரல் நீளக் குப்பியை எடுத்துக்கொண்டு, தானே செல் அறையின் பக்கம் நடந்தார்.

"அவ புதுசா ஏற்பி செய்ய எவ்வளவு நாளாகும் மேடம்?"

கதவருகில் மேடம் நின்றார்.

"அவசரம் யாருக்கு இசக்கி?"