இரண்டாம் தாள்

பிறக்கப்போகும் பிள்ளையைக் கருவிலேயே திருத்திக்கொள்ளலாம் என்றாகிவிட்ட காலம் அது.

செந்தாமரைக்கு நாற்பது வயது. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற ரகம். அன்று காலை இரண்டு தாள்களோடு மடத்துக்கு ஓடி வந்தாள். அவளைவிட நான்கு வயது இளையவரான குரு, வெண்டைச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில குடுத்தாகணும் சுவாமி. கரு தயாரா இருக்கு.”

குரு முதல் தாளை வாங்கிப் பார்த்தார். கணவர் குடும்பத்தில் வழிவழியாக வரும் இதய நோயைக் கருவிலிருந்து நீக்கச் சம்மதம் கேட்டிருந்தது. அந்த நோயில்தான் செந்தாமரையின் கொழுந்தன் இருபத்து நாலு வயதில் போய்ச் சேர்ந்தான்.

“இதுல என்ன யோசனை? கையெழுத்துப் போடுங்க.”

போட்டாள்.

இரண்டாம் தாளில் ஒரே ஒரு கேள்விதான். குழந்தையின் சுபாவத்திலிருந்து பயத்தை எடுத்துவிடலாமா?

“எடுத்துட்டா நல்லதுதானே சுவாமி? ஃபோன் அடிச்சாலே யாருக்கு என்னாச்சோன்னு பயந்துதான் எடுக்கறேன். பொறக்கப்போற பொண்ணுக்கும் இந்தப் பாட்டைக் குடுக்கணுமா?”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

“அப்படி எடுத்த பிள்ளையைப் பார்த்திருக்கீங்களா?”

“எதிர்வீட்டுல ஒண்ணு இருக்கு. இருட்டுக்கும் அழாது, இடிக்கும் அழாது. பார்க்கப் பொறாமையா இருக்கும். போன வாரம் தெருநாய் வாயில கையை விட்டுச்சு. பதறினது நான்தான்.”

“வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“அவர் நேத்தே ரெண்டுலயும் போட்டுட்டார், காபி குடிச்சுக்கிட்டே. அவருக்குப் பயம்னா என்னன்னே தெரியாது.”

“படிச்சுப் பார்த்தாரா?”

“எங்க? நான்தான் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சும் மனசு ஆறல. மூணாவது தடவைதான் கண்ணுல பட்டுச்சு, முதல் தாள்ல இருந்த கரு நம்பர் எங்களோடதே இல்ல. உசுரே போயிடுச்சு. ஓடிப்போய் வேற தாள் வாங்கி, அவர்கிட்ட மறுபடியும் கையெழுத்து வாங்கினேன். இல்லேன்னா எங்க பொண்ணு அந்த நோயோடவே பொறந்திருப்பா.”

குரு குடத்தைக் கீழே வைத்தார்.

செந்தாமரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணி பார்த்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

“ஏதாவது சொல்லுங்க சுவாமி. பயத்தை எடுக்கவா, வேண்டாமா?”

“என்னை எதுக்கும்மா கேக்கறீங்க? மூணு தடவை உங்களை எது படிக்க வெச்சுதோ, அதைக் கேளுங்க.”