மரங்கொத்தியும் கண்ணாடித் தோரணமும்

அந்தக் காலத்தில் மரங்கொத்திக்குக் காட்டில் ஒரு வேலையும் கிடையாது. பறவையும் விலங்கும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலம் அது. வடக்கே, பனிமலைச் சரிவில், பிம்லோ என்ற ஆட்டுக்காரப் பெண்ணின் வீட்டுப் பரணில் மரங்கொத்தி குடியிருந்தது. அவள் அதைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். ஆகவே நாமும் 'அவன்' என்றே சொல்வோம்.

குளிர் தொடங்கியதும் பிம்லோவின் புருஷன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கிவிடுவான். பனி விலகினால்தான் திரும்புவான். அதுவரை வீட்டில் அவளும் தொட்டில் குழந்தையும் தம்பியும்தான். மூன்று பேருக்கும் உயிர், கூரை தாழ்ந்த பக்கத்துச் சுவரை ஒட்டிய அடுப்பில் இருந்தது. அது அணைந்தால் பனிக்குள் மறுபடி மூட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆனால் என்ன சுகமான நாட்கள் அவை! பிம்லோ அடுப்படியில் உட்கார்ந்து கம்பளி பின்னுவாள். தம்பி தொட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் அளப்பான். மிச்சமிருந்த சிவப்புக் கம்பளியில் அவள் அவனுக்கு ஒரு குல்லாய் பின்னிக் கொடுத்தாள். அதைப் போட்ட நாளிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பரண் சுவரின் உச்சியில் கைமுட்டி அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. தம்பி போக வர அதுதான் வழி. அந்த வருஷம் குளிர் கொஞ்சம் அதிகம். குல்லாய் போட்ட துரைக்கு அது தாங்கவில்லை.

"அக்கா, ஊதக்காத்து உயிரை வாங்குது. ஓட்டையைக் கம்பளியால அடைச்சுட்டேன்."

"அடைச்சா நீ எப்படிடா வருவே?"

"கதவு எதுக்கு இருக்கு? நானும் பெரிய மனுஷனாட்டம் கதவு வழியா வர்றேன்."

பிம்லோ சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். பரண் கதகதப்பாகிவிட்டது. அடுப்புச் சூடு போக வழியில்லாமல் கூரைக்கு அடியிலேயே தங்கியது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, வெளியே போன தம்பி கூவிக்கொண்டே வந்தான்.

"அக்கா, ஓடி வா! ஊர்ல யாருக்கும் இல்லாத தோரணம் நம்ம வீட்டுக்கு! கண்ணாடித் தோரணம்!"

அடுத்த வீட்டுக் கூரைகளெல்லாம் வெள்ளைவெளேரென்று பனி மூடிக் கிடந்தன. இவர்கள் கூரையில் மட்டும் முகட்டுப் பக்கம் பனி உருகிப் பலகை தெரிந்தது. கீழ் ஓரத்திலோ தடித்த பனிக்கட்டி கரை போட்டிருந்தது. அதிலிருந்து கூர்கூராக ஊசிகள் தொங்கி வெயிலில் மின்னின.

பிம்லோவின் முகம் மாறிவிட்டது.

"தோரணமாடா இது? அணை கட்டியிருக்கு! மேலே உருகுற தண்ணி ஓரத்துல வந்து உறைஞ்சு போச்சு. பின்னால வர்ற தண்ணிக்குப் போக்கிடம் வேணாமா? பலகை இடுக்குல புகுந்து வீட்டுக்குள்ளதான் வரும். நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?"

உள்ளே போய்ப் பார்த்தால், சுவரில் ஈரம் கோடு போட்டு இறங்கியிருந்தது. அடுப்புக்கு நேர் மேலே உத்தரம் கசிந்தது.

அவள் ஆட்டுக்கு வைத்திருந்த உப்பை எடுத்தாள். புருஷனின் பழைய கம்பளிக் காலுறையில் போட்டுக் கட்டினாள். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, நீளக் கழியால் அதைத் தூக்கிப் பனிக்கட்டியின் குறுக்கே கிடத்தினாள்.

"ஊசிக்கு அடியில போகாதே. விழுந்தா மண்டை பிளந்துடும்."

"மேலே ஏறி ரெண்டு போடு போட்டா ஆகாதா?"

"வழுக்கி விழவா? அப்புறம் கட்டியோட கூரையும் பேர்ந்து வந்துடும். உப்பு மெதுவா ஒரு வாய்க்கால் வெட்டும். தண்ணி அது வழியா வெளியே இறங்கிடும். பொறுமையா இரு, தம்பி."

அவள் தொட்டிலை நகர்த்த உள்ளே போனாள். தம்பி வேலி மேல் உட்கார்ந்து காலுறையையே பார்த்தான். உப்பு அதன் பாட்டுக்கு, ஒரு அவசரமும் இல்லாமல், பனியைக் கரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே அடுப்பில் சொட்டு விழுந்து 'உஸ்' என்றது. மறுபடியும் 'உஸ்' என்றது. குழந்தை சிணுங்கியது.

அவனால் தாங்க முடியவில்லை. பாசத்தில்தான் செய்தான். பறந்து போய் அலகால் ஓங்கிக் கொத்தினான். மறுபடி கொத்தினான். கட்டி பிளந்தது. அதோடு ஒட்டியிருந்த பலகையும் பிளந்தது. தேங்கிக் கிடந்த தண்ணீர் அத்தனையும் பலகைப் பிளவு வழியாக நேரே அடுப்பில் கொட்டியது.

புகை அடங்கியபோது அடுப்பில் ஒரு கங்குகூட மிஞ்சவில்லை.

பிம்லோ குழந்தையை மார்போடு சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். வாசலில் ஒரு கணம் திரும்பினாள்.

"உள்ளே ஆள் இருக்கான்னு ஒரு தட்டுத் தட்டிக் கேட்டியாடா?"

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"நல்ல பலகையா பார்த்துக் கொண்டுவர்றேன் அக்கா!" என்று பின்னாலேயே கத்தினான். குழந்தையின் அழுகையில் அவளுக்கு அது கேட்கவில்லை. அவன் காட்டைப் பார்த்துப் பறந்தான்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அக்கம்பக்கத்தார் கூரையை மூடிக் கொடுத்தார்கள், நெருப்பும் கொடுத்தார்கள். வீடு திரும்பிய பிம்லோ முதலில் பரணில் ஏறித் "தம்பி" என்றாள். பரண் காலியாகக் கிடந்தது. ஓட்டையில் அடைத்திருந்த கம்பளியைப் பிடுங்கி எறிந்தாள்.

"வழியை அடைச்சு வெச்சா அவன் எப்படி வருவான்?"

திறந்த வழியாகக் குளிர்காற்று வந்து பரணெல்லாம் உலாவியது. அடுத்து விழுந்த பனி கூரையில் உருகாமல் அப்படியே கிடந்தது. ஓரத்தில் தோரணம் கட்டவே இல்லை. வாசலில் நின்று அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது: ஓட்டையை அடைத்ததால் தங்கிய சூடுதான் அன்று கூரைப் பனியை உருக்கியிருக்கிறது. அவன் போன பிறகு, அவனுக்காகத் திறந்த வழிதான் வீட்டைக் காக்கிறது. அவள் அங்கேயே நின்று அழுதாள்.

அந்தச் சரிவில் இன்றைக்கும் வீடு கட்டுகிறவர்கள் முகட்டுக்குக் கீழே கைமுட்டி அளவு ஓட்டை விடுகிறார்கள். கேட்டால், "தம்பி வருவான்" என்பார்கள்.

தம்பியோ இன்னும் பலகை தேடுகிறான். அன்று முதல்தான் மரங்கொத்தி, அக்கா பின்னிய சிவப்புக் குல்லாயோடு, ஒவ்வொரு மரத்தையும் முதலில் தட்டுகிறது. பிறகு தலையைச் சாய்த்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டுக் காத்திருக்கிறது.