மரங்கொத்தி எழுதிய வெள்ள மணி

அந்தக் காட்டில் பொந்துக்கு ஒன்று, புதருக்கு ஒன்று என்று எல்லாரிடமும் கணினி இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். மிருகங்கள் பேசுவதை நம்புகிறீர்கள் அல்லவா, இதையும் நம்புங்கள்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் எல்லாக் கணினியிலும் மணி அடிக்கும். அதற்கான நிரலை, அதாவது கணினிக்குச் சொல்லும் கட்டளைகளை, எழுதியது மரங்கொத்தி. அலகாலேயே விசைகளை டக் டக்கென்று கொத்தி எழுதும். அந்த வேகம் வேறு யாருக்கும் வராது. அந்தக் கர்வமும் வராது.

ஒரு நாள் நிரல்மொழியின் புதிய பதிப்பு வந்தது. பத்து வரியில் எழுதியதை இனி இரண்டே வரியில் எழுதலாம். மரங்கொத்திக்குத் தலைகால் புரியவில்லை. பழைய வரிகளை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதியது.

"பழைய கணினியில இது ஓடுமா?" என்று யானை கேட்டது.

"ஓடாதுண்ணே. ஆனா அந்தப் பழசை இப்ப யாரு வச்சிருக்கா? அதுக்காக நான் ஏன் வளவளன்னு எழுதணும்?"

யானை தழை தின்னப் போய்விட்டது.

ஆடி பிறந்ததும் மலையில் மழை கொட்டியது. மணி அடித்தது. மானும் நரியும் முள்ளம்பன்றியும் மேட்டுக்கு ஓடி வந்தன. மரங்கொத்தி உயரக் கிளையில் உட்கார்ந்து பாராட்டுக்குக் காத்திருந்தது. அங்கிருந்து பார்த்தால், ஆற்றின் நடுத் திட்டில் இரண்டு நீளக் காதுகள்! திட்டில் குடியிருக்கும் முயல், குட்டிகளோடு நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

மரங்கொத்தி மேட்டில் படுத்திருந்த யானையிடம் பறந்தது.

"அண்ணே, எழுந்திருங்க! முயலக்கா மாட்டிக்கிட்டாங்க!"

யானை வெள்ளத்தில் இறங்கியது. அதன் தலைமேல் உட்கார்ந்து மரங்கொத்தி கத்திக்கொண்டே போனது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது திட்டில் பாதி முழுகிவிட்டது. யானை குட்டிகளையும் முயலையும் தும்பிக்கையால் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு திரும்பியது.

கரையேறியதும் முயல் மூச்சு வாங்கியபடி சொன்னது: "என் கணினியில மணியே அடிக்கலை. 'இந்த வரி புரியவில்லை'ன்னு மட்டும் காட்டுச்சு. போன வாரமும் அதையேதான் காட்டுச்சு."

"போன வாரம் என்ன அனுப்பின?" என்று யானை மரங்கொத்தியைப் பார்த்தது.

"பழைய கணினி யாராவது வச்சிருந்தா சொல்லுங்கன்னு ஒரு சின்ன நிரலா எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். ஒருத்தரும் பதில் போடலை."

"அதை எந்தப் பதிப்புல எழுதின?"

"புதுசுலதான்" என்று மரங்கொத்தி முனகியது.

யானை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. முயலும் சிரித்தது. குட்டிகள் பக்கத்தில் பத்திரமாக இருந்ததால் முயலால் சிரிக்க முடிந்தது. மரங்கொத்தி வெட்கத்தோடு போய் அந்தப் பத்து வரியையும் மறுபடி கொத்தியது. வளவளவென்றுதான் இருந்தது. ஆனால் முயலின் கணினியில் மணி கணீரென்று அடித்தது.

ஒருவருக்குப் புரியாத மொழியில் கேட்டுவிட்டு, பதில் வராததால் அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.